மூன்றாவது பெடலின் மோகம்

1960-களில் டெட்ராய்ட் தொழிற்சாலைகள் வெளியிட்ட மஸ்டாங், செவெல், சார்ஜர் முதலான கார்களைத் தேடிப்பிடித்து வாங்கிப் பேணுகிறவர்களிடையே, ஆட்டோமேட்டிக்காகச் செய்யப்பட்ட வண்டியிலிருந்து அந்தக் கியர்பெட்டியைக் கழற்றி அப்புறப்படுத்திவிட்டு, அவ்விடத்தில் கிளட்சையும் மேனுவல் கியரையும் பொருத்திக்கொள்ளும் வழக்கம் இன்று ஒரு மோகமாகவே வளர்ந்திருக்கிறது. ஒரே ஆண்டில், ஒரே என்ஜினுடன் பிறந்த இரண்டு வண்டிகளில் மூன்று பெடல் உள்ளது இரண்டு பெடல் உள்ளதைவிடப் பொதுவாக அதிக விலைக்குப் போகிறது என்பதும் இந்த மோகத்துக்குத் தூபம் போடுகிறது. பணத்துக்காகத்தான் செய்கிறோம் என்று ஒப்புக்கொள்கிறவர்களோடு வாதாட எனக்கு ஒன்றுமில்லை. ஆனால், சௌகரியப் பிரியர்களுக்காக மழுங்கடிக்கப்பட்ட வண்டிக்கு அதன் உண்மையான சுபாவத்தைத் திருப்பித் தருகிறோம், தொழிற்சாலை செய்யத் தவறியதை நாங்கள் செய்து முடிக்கிறோம் என்று சிலர் கூறும் சமாதானம் இருக்கிறதே, அதைத்தான் சற்றுப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது.

அவர்கள் பக்கத்தில் நியாயமே இல்லையென்று சொல்வதற்கில்லை. செவர்லேயின் பவர்கிளைடு இரண்டே கியர் கொண்டது. மலையேற்றத்தில் அதன் திண்டாட்டத்தை அனுபவித்தவர்கள் அதன்மேல் கோபம் கொள்வது சகஜம். மூன்று கியர் கொண்ட ஆட்டோமேட்டிக்குகளிலும், நெடுஞ்சாலையில் என்ஜினின் சுற்றைக் குறைத்துக் கொடுக்கும் ஓவர்டிரைவ் கியர் அக்காலத்தில் கிடையாது. வளைவுக்கு முன்னால் தன் கையாலேயே கியரைக் குறைத்து, என்ஜினின் குரல் ஏறுவதைக் கேட்டுக்கொண்டே திரும்புவதில் உள்ள ஆனந்தம் பொய்யானதல்ல. வெளிவந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பத்து லட்சம் விற்ற மஸ்டாங்குகளில் ஒன்றைத் திருத்திவிட்டால் உலகத்தின் பொக்கிஷம் எதுவும் குறைந்துவிடப் போவதில்லை. இவ்வளவையும் நான் தயக்கமின்றி ஏற்றுக்கொள்கிறேன்.

நான் ஏற்க மறுப்பது, கியர்பெட்டி என்பது மற்ற அங்கங்களோடு யாதொரு சம்பந்தமுமின்றித் தனியே கழற்றி மாட்டத்தக்கது என்ற அடிப்படை எண்ணத்தையே. வீணையின் மெட்டுகளைப் பெயர்த்தெடுத்துவிட்டு இனி இது கோட்டுவாத்தியம் என்று சொல்ல எந்த வித்வானும் துணியமாட்டார். ஏனெனில் கோட்டுவாத்தியத்துக்குத் தந்திகளின் அமைப்பே வேறு. காரிலும் அப்படித்தான்: ஆட்டோமேட்டிக் என்று தீர்மானித்த கணத்திலேயே, அந்த வண்டியின் பின்னச்சு வரையில் எத்தனையோ காரியங்கள் அந்தத் தீர்மானத்தை அனுசரித்து நிர்ணயிக்கப்பட்டுவிட்டன.

289 கன அங்குல என்ஜின் கொண்ட மஸ்டாங்கையே எடுத்துக்கொள்வோம். ஆட்டோமேட்டிக்கில் என்ஜினுக்கும் கியர்களுக்கும் இடையே எண்ணெய் நிரம்பிய டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது; வண்டி நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது அது என்ஜினின் திருப்புவிசையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கித் தருகிறது. இந்த உபகாரம் இருக்கிறதென்ற தைரியத்தில்தான், ஃபோர்டு கம்பெனி அவ்வண்டிகள் பலவற்றுக்கு 2.80 அல்லது 3.00 என்ற தாழ்ந்த பின்னச்சு விகிதத்தை (சக்கரம் ஒரு முறை சுழலப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுழல வேண்டும் என்ற கணக்கு) கொடுத்தது. சி4 என்ற அந்த ஆட்டோமேட்டிக்கின் முதல் கியர் 2.46, அதை 2.80-ஆல் பெருக்கினால் சுமார் 7 ஆகிறது. கன்வெர்ட்டரின் இரட்டிப்பையும் சேர்த்தால் கிளம்பும் கணத்தில் 14-ஐ நெருங்குகிறது. இப்போது அதைக் கழற்றிவிட்டு, இவ்வேலைக்குப் பலரும் விரும்பித் தேர்ந்தெடுக்கும் டி-5 என்ற ஐந்து கியர்ப் பெட்டியைப் பொருத்துங்கள்: அதன் முதல் கியர் 3.35 என்றாலும், பின்னச்சோடு பெருக்கினால் 9.4-க்கு மேல் போவதில்லை. இரட்டிப்பு போயே போய்விட்டது. கிளட்சைத் தேய்த்துத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். மறுகோடியில், 0.68 என்ற ஐந்தாவது கியரோ 2.80-ஓடு சேர்ந்து 1.9 ஆகி, மணிக்கு 100 கிலோமீட்டரில் என்ஜினை நிமிஷத்துக்கு 1,600 சுற்றுக்கு இறக்கிவிடுகிறது. சிறு மேடு வந்தாலும் நான்காவதுக்கு இறங்கியாக வேண்டும்.

ஆகையால் பின்னச்சையும் மாற்ற வேண்டியதாகிறது. 3.55 விகிதத்தைப் போட்டவுடன் எல்லாம் சரியாகிவிடுகிறது என்பார்கள். சரிதான், ஆனால் கணக்கை முடித்துப் பார்ப்போம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, 2.80 பின்னச்சோடு, அந்த ஆட்டோமேட்டிக் மஸ்டாங் மணிக்கு 100 கிலோமீட்டரில் ஏறக்குறைய 2,350 சுற்றில் ஓடிக்கொண்டிருந்தது. கியர்பெட்டி, கிளட்ச், பெடல்கள், புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின்னச்சு ஆகிய அனைத்தையும் மாற்றியபின், அதே வேகத்தில், ஐந்தாவது கியரில், 2,000 சுற்றில் ஓடுகிறது. இத்தனை பிரயத்தனத்துக்கும் செலவுக்கும் கிடைத்த சாந்தி நிமிஷத்துக்கு முந்நூற்றைம்பது சுற்று! நெடுஞ்சாலை அமைதி என்ற பிரச்சினைக்குத் தொழிற்சாலை தன் வழியில் விடை கண்டிருந்தது. அந்த விடையை முதலில் அழித்துவிட்டு, பிறகு வேறொரு வழியில் அதையே கண்டுபிடித்துத் தமக்குத் தாமே சபாஷ் போட்டுக்கொள்கிறார்கள்.

கிரைஸ்லர் கம்பெனியின் 426 கன அங்குல ஹெமி என்ஜின் கொண்ட வண்டிகளில் இந்த உண்மை இன்னும் தெளிவாக விளங்கும். 490 பவுண்டு-அடி திருப்புவிசை கொண்ட அந்த ராட்சத என்ஜினோடு டார்க்ஃப்ளைட் ஆட்டோமேட்டிக் சேர்ந்த வண்டிக்குப் பொதுவாக 8¾ அங்குலக் கிரவுன் வீல் கொண்ட பின்னச்சே போதுமென்று கொடுத்த அதே கம்பெனி, நான்கு கியர் மேனுவல் கேட்டவர்களுக்கு 9¾ அங்குல டானா 60 என்ற கனமான பின்னச்சைக் கொடுத்தது. என்ஜின் ஒன்றே, உடலும் ஒன்றே. பின் ஏன் இந்தப் பேதம்? கிளட்சைச் சட்டென்று விடும்போது பாயும் அதிர்ச்சியை ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் வாங்கிக்கொள்ளும். மேனுவலில் வாங்கிக்கொள்ள ஒன்றுமில்லை, முழுதும் பின்னச்சின் பல்லிலே போய் மோதும். இது அந்த எஞ்சினியர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று கியர்பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்களுக்குத்தான் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

இன்னும் உண்டு. ஆட்டோமேட்டிக்குக்கென்று செய்த கிரைஸ்லர் என்ஜின்கள் சிலவற்றில், கியர்பெட்டியின் முனையைத் தாங்கும் பைலட் புஷ் உட்காருவதற்கான துளை கிராங்க் ஷாஃப்டில் முழுமையாகக் கடையப்படுவதே இல்லை. தேவைப்படாத காரியத்தை யார் செய்வார்கள்? நான்கு கியர் வண்டிகளின் தரையில் கியர்த்தண்டுக்கென்று தனி மேடு உண்டு. ஆட்டோமேட்டிக் வண்டியில் அதற்காகத் தகட்டை அறுத்து வெல்டு வைக்க வேண்டும். ஃபோர்டின் 302 வகை என்ஜின்களிலோ, 1980-களின் தொடக்கத்தில் சமநிலை எடை 28-லிருந்து 50 அவுன்ஸ்-அங்குலமாக மாறிவிட்டது. பிற்காலத்து வண்டியிலிருந்து கியர்பெட்டியோடு ஃப்ளைவீலையும் மலிவாக வாங்கிப் பழைய என்ஜினில் மாட்டியவருக்கு அந்த வித்தியாசம் ஓயாத நடுக்கமாக வந்து சேரும். இவை ஒவ்வொன்றும் தீர்க்கக்கூடிய தொல்லைதான் என்பதை நான் அறிவேன். ஆனால் ஒன்றைத் தீர்த்தால் மற்றொன்று முளைக்கிறது என்பதே, அகற்றப்பட்டது வேரில்லாத ஒட்டு அல்ல என்பதற்குச் சாட்சி.

இத்தனைக்கும் அடியில் இருப்பது, ஆட்டோமேட்டிக் என்றால் வீரியம் குன்றிய வஸ்து என்ற அலட்சியம். 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபீலில் வந்த ஹைட்ரா-மேட்டிக், உலக யுத்தத்தில் எம்5 டாங்கிகளை நடத்தியது. யுத்தம் முடிந்தபின், கையோ காலோ இழந்து திரும்பிய வீரர்களை மறுபடியும் சாலையில் தாமாகவே வண்டியோட்ட வைத்தது. கிரைஸ்லர் எஞ்சினியர்கள் சேர்ந்து நடத்திய ராம்சார்ஜர்ஸ் குழுவினர், பொத்தானை அழுத்திக் கியர் மாற்றும் டார்க்ஃப்ளைட் வண்டிகளைக்கொண்டே கால்மைல் பந்தயங்களில் பெயர் வாங்கினார்கள். 1966-இல் நூர்பர்கிரிங் ஆயிரம் கிலோமீட்டர்ப் பந்தயத்தில் ஃபில் ஹில்லும் ஜோ பானியேயும் ஓட்டி வென்ற சாப்பரல் 2டி என்ற பந்தயக் காரில் கிளட்சுக்குப் பதிலாக டார்க் கன்வெர்ட்டரே இருந்தது. அந்த மகா வளைவுகளில் வெற்றிக்கு இடையூறாகாத சாதனம், ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி குடிக்கப் போகிறவருடைய வீரத்துக்கு மட்டும் இடையூறாகிவிட்டதாம்!

ஆகவே, மாற்றியமைத்த வண்டியை மாற்றியமைத்த வண்டி என்றே சொல்லி ஓட்டுகிறவரிடம் எனக்கு விரோதமில்லை. மேனுவலில் ஓட்டத்தான் வேண்டுமென்றால் மேனுவலாகப் பிறந்த வண்டியை, அதிக விலையானாலும், வாங்குவதே நேர்மையான வழி. பின்னச்சு விகிதம் உயர்ந்து இரைச்சல் பொறுக்க முடியாமற்போன வண்டிக்காரருக்கு, ஃபோர்டு 1980-லும் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-லும் கொண்டுவந்த ஓவர்டிரைவ் ஆட்டோமேட்டிக்குகள் இருக்கின்றன. சில்லறைத் திருத்தங்களோடு அவை பொருந்தும், கன்வெர்ட்டருக்கும் மற்ற அங்கங்களுக்கும் உள்ள ஒப்பந்தமும் கெடாமல் இருக்கும். இந்த வழிகளெல்லாம் திறந்திருக்கும்போது, இருந்ததைக் கலைத்துவிட்டு, இல்லாத ஒரு வண்டியின் வேஷத்தை இதற்குப் போட்டு, அதையே அசல் என்று நம்பச் சொல்வது, அந்த வண்டியைச் செய்தவர்களின் புத்தியையும் வாங்கப்போகிறவர்களின் புத்தியையும் ஒருங்கே குறைத்து மதிப்பிடுவதாகும்.