சகப்பிணைப்பும் ஈதலும்

அணுக்கள் இரண்டு ஓர் எலக்ட்ரான் இணையைப் பொதுவில் கொண்டு பிணையும் முறையை 1916-ஆம் ஆண்டில் கில்பர்ட் லூயிஸ் விளக்கினார். அதற்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை 1919-இல் அமைத்தவர் இர்விங் லாங்மியூர். அப்பெயரைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சகப்பிணைப்பு என்கின்றன. இலங்கை நூல்கள் பங்கீட்டு வலுப்பிணைப்பு என்கின்றன. ஒரு பொருட்குச் சொல் இரண்டு அமைதல் குற்றமன்று. அவை மாணவன் உள்ளத்தில் எப்பொருளைத் தோற்றுவிக்கின்றன என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பங்கு என்பது உலக வழக்கிற் பிரித்துக் கொள்வதைச் சுட்டும். காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்தில், பிடித்த மீனை விற்ற தொகையிற் செலவைக் கழித்து, படகுக்குரியதும் தொழிலாளர்க்குரியதும் எனப் பங்கு வைப்பர். வைத்தபின் ஒருவர் பங்கு மற்றவர்க்கு இல்லை. எலக்ட்ரான் இணையோ இதற்கு மாறானது. ஹைட்ரஜன் மூலக்கூற்றில் உள்ளவை இரண்டே எலக்ட்ரான்கள்; அவ்விரண்டும் இரண்டு அணுக்களின் கணக்கிலும் ஏறும். ஆளுக்கொன்றாகப் பங்கிட்டால் பிணைப்பே அறும். இரு வீட்டார்க்கும் உரிய பொதுச்சுவர் இதற்கு நெருங்கிய உவமை. அச்சுவரைப் பிளந்து எடுத்துக்கொள்வார் இலர். ஆதலின், 'சக' வடசொல்லாயினும் 'பங்கீடு' என்பதினும் பொருட்கு அணித்து என்பேன். ஆயினும் நம் நூல்களும், சகப்பிணைப்பு எனப் பெயரிட்டுவிட்டு, அதனை விளக்கப் புகும்போது 'பங்கிடுதல்' என்றே எழுதுகின்றன. 'சமமாக' என்னும் அடைமொழியையும் சேர்த்தல் பின்னும் பிழை. ஹைட்ரஜன் குளோரைடில் அவ்விணை குளோரின் பக்கமே மிகுதியும் சாய்ந்திருக்கும். 'பொதுவில் கொள்ளுதல்' என்று எழுதினால் இவ்விடர் நீங்கும்.

இனி, ஈதல் சகப்பிணைப்பு. இணையின் எலக்ட்ரான் இரண்டையும் ஓர் அணுவே தருதல் இதன் இலக்கணம். இப்பெயரைப் படைத்தோர் தொல்காப்பியத்தை நினைந்தனரோ, அறியேம். எச்சவியல் ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் வேறுபடுத்தி, ஈ என்பது தாழ்ந்தோன் இரக்குஞ் சொல் என்கிறது. அம்மோனியாவின் நைட்ரஜனிடம் பிணைப்பில் ஈடுபடாத தனி இணை ஒன்று உண்டு. அதனை ஏற்க வரும் ஹைட்ரஜன் அயனியிடம் எலக்ட்ரான் ஒன்றுமில்லை. இல்லோற்கு வழங்குதலின் ஈதல் என்றது மிகப் பொருந்தும். ஆனால் ஈந்த பொருள் ஈந்தவனை விட்டு நீங்குவது உலகியல். இங்கு அது நீங்குவதில்லை. அம்மோனியம் அயனி உருவானபின் அதன் நான்கு பிணைப்புகளும் ஒரு தன்மையனவே; ஈதலாற் பிறந்தது எது எனப் பிரித்தறிய இயலாது. எனவே அப்பெயர் பிணைப்புத் தோன்றிய வரலாற்றை உரைக்குமேயன்றி நிலைத்த இயல்பை உரையாது. பாடநூல் இதனை ஒரு தொடரிலேனும் சொல்லியாக வேண்டும்.

இவ்வாராய்ச்சி வெறுஞ்சொல்லாராய்ச்சி அன்று. 2023 டிசம்பர் 26-ஆம் நாள் இரவு, எண்ணூர்ப் பெரியகுப்பத்தை அடுத்து, உரத்தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் உற்று வீடுவிட்டு ஓடினர். பலர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் அம்மோனியா கரைகிறது. அதில் ஒரு பகுதி, நீரிலிருந்து ஹைட்ரஜன் அயனியை அத்தனி இணையாற் பற்றிக்கொள்கிறது. எஞ்சும் ஹைட்ராக்சைடு அயனி காரமாகி மென்றசையை அரிக்கிறது. ஈதல் எனப் பாடநூல் பெயரிட்ட வினையே அவ்விரவில் அவர்தம் கண்ணில் நிகழ்ந்தது. எண்ணூர் மாணவன் அப்பாடத்தைப் படிக்கும்போது, அதற்கும் தன் ஊரிற் கசிந்த வாயுவுக்கும் உள்ள தொடர்பை நூலே காட்டல் வேண்டும். இன்றைய விளக்கத் தொடர்கள் அதற்குப் போதா.