பழகிய போர்டு

மதுராந்தகம் போன்ற ஊரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையிலோ, ஜி.எஸ்.டி. சாலையோர எடைமேடையிலோ மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால், மஞ்சளேறிய பழைய கேபினெட் ஒன்று ஓடிக்கொண்டிருப்பது இன்றும் அபூர்வமில்லை. உள்ளே இன்டெலின் டிஜி31பிஆர், டிஜி41ஆர்க்யூ போன்ற, பதினைந்து வயதைத் தாண்டிய மதர்போர்டு இருக்கும். டிஸ்பிளே வரவில்லையென்றால் ராமைக் கழற்றுவார்கள். பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் அதன் தங்கநிறப் பற்களைத் தேய்ப்பார்கள். இரண்டு பக்கக் கொக்கியும் ‘டக்’கென்று மாட்டும்வரை திரும்ப அழுத்துவார்கள். ஒற்றை பீப் கேட்டதும் வேலை தொடரும். போர்டே போய்விட்டால்கூட, சென்னை ரிச்சி தெருவில் அதே மாடல் செகண்ட்ஸில் கிடைக்குமா என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். ‘அந்தக் காலத்துச் சரக்கு, லேசில் சாகாது’ என்ற இந்த நம்பிக்கையில் பாதி பட்டறிவு. மீதிப் பாதி கணக்குப் பிழை. எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்காததால்தான், ஒரு கடையின் இருபது வருட உழைப்பு ஒற்றைப் பலகையின் ஆயுளோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது.

பட்டறிவின் பக்கம் வலுவானது. புதியது சறுக்கிப் பழையது நின்ற வரலாறு இந்தத் துறையில் உண்டு. 1998-இல் வந்த இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட்டை ஆர்வலர்கள் இன்றும் மரியாதையோடு பேசுகிறார்கள். அதற்கு அடுத்து வந்த 820 சிப்செட்டோடு நினைவகத்தை இணைக்கும் துணைச் சில்லில் கோளாறு இருந்ததால், அதைப் பொருத்திய போர்டுகளை 2000-இல் இன்டெல் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2011 ஜனவரியில் ஆறாம் வரிசை சிப்செட்டுகளின் சில சாட்டா போர்ட்டுகள் நாளடைவில் நலிந்துபோகும் என்பது தெரியவந்து விநியோகம் நின்றது. பழுதுபார்க்கவும் மாற்றித் தரவும் சுமார் 70 கோடி டாலர் ஆகும் என்று அந்நிறுவனமே மதிப்பிட்டது. சந்தைக்கு வந்து ஓரிரு வருடம் ஆகாத போர்டை வாங்காதே என்று மெக்கானிக் சொல்வது வெறும் பிடிவாதமல்ல. ஒரு மாடல் எங்கே உதைக்கும், எந்த ராமை ஏற்காது, எந்த பயாஸ் பதிப்பில் நிற்கும் என்பதெல்லாம் ஆயிரம் பேர் கைபட்ட பிறகே தெரியவரும். அந்த அறிவுக்கு விலை உண்டு.

ஆனால் அதே வாயால் சொல்லப்படும் இன்னொரு காரணத்தை ஏற்க முடியவில்லை. ‘பழசில் ஈயப் பற்று, அதனால்தான் தாங்குகிறது’ என்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையில் மின்னணுச் சாதனங்களில் ஈயத்துக்குத் தடை விதித்தபோது உலகச் சந்தையே ஈயமில்லாப் பற்றுக்கு மாறியது. தொடக்கத்தில் தொல்லைகள் இருந்தன: பற்று எளிதில் விரிசல் விட்டது, செம்பின் மேல் வெள்ளிப் பூச்சிட்ட பலகைகளில் கந்தகம் கலந்த காற்று பட்டு அரிப்பு படர்ந்தது. உண்மைதான். ஆனால் நம் கடைகளில் ஓடும் ஜி31, ஜி41 போர்டுகள் அந்தத் தடைக்குப் பிறகு வந்தவை. ஈயத்தின் பெருமையை ஈயமில்லாத பலகைக்குச் சூட்டுகிறோம். மாமல்லபுரம், கல்பாக்கம் கரையோர உப்புக்காற்றுக்கு முன்னால் எந்த ஆண்டுப் பலகையும் தனிச்சலுகை பெறுவதுமில்லை.

கணக்குப் பிழையின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது பிழைத்த போர்டு மட்டுமே. செத்தவை காயலான் கடைக்குப் போய் வெகுகாலமாயிற்று. 1999 முதல் சில ஆண்டுகள் தரக்குறைவான எலெக்ட்ரோலைட் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகெங்கும் போர்டுகளைக் கொன்றன. அவற்றின் தலை உப்பி, மேலே கீறிய குறி பிளந்து, பழுப்பாகக் கசிந்திருக்கும். டெல்லின் ஆப்டிபிளக்ஸ் ஜிஎக்ஸ்270 வரிசை இதில் பெயர் கெட்டது. அதுவும் ‘அந்தக் காலத்துச் சரக்கு’தான். நல்ல கெப்பாசிட்டருக்கும் ஆயுள் கணக்கு உண்டு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று அச்சிட்டிருந்தால், ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியாளர்கள் கையாளும் பொதுவிதி. 45 டிகிரியில் 1,28,000 மணி. தினம் பத்து மணி நேரம் ஓடினால் முப்பத்தைந்து வருடம். தூசி அடைத்து உட்சூடு 65 டிகிரிக்கு ஏறினால் அதுவே 32,000 மணி, ஒன்பது வருடம்கூட இல்லை. கத்திரி வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் ஓடும் கேபினெட்டுக்கு ஆயுளைத் தருவது தயாரிப்பு ஆண்டைவிட, மாதத்துக்கு ஒருமுறை தூசி ஊதும் கைதான்.

மாடல் பெயரை நம்புவதும் ஆபத்து. இன்டெல் டெஸ்க்டாப் போர்டுத் தொழிலிலிருந்து விலகுவதாக 2013-லேயே அறிவித்துவிட்டது. ஆனாலும் ‘எச்61’, ‘ஜி41’ என்று புத்தம்புதுப் பெட்டியில் இன்றும் போர்டு விற்கிறது. சிப்செட்டின் பெயர்தான் பழையது. பலகையும் கெப்பாசிட்டரும் மின்சாரம் பிரிக்கும் சுற்றும் வேறு கைகள் மலிவாகச் செய்தவை. பழைய பேரின் நம்பிக்கையைக் காசாக்கும் இந்த வியாபாரம், நம்பியவரையே ஏமாற்றுகிறது.

அப்படியிருந்தும் கடைக்காரர் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது எதை? என் பார்வையில், போர்டை அல்ல. அதன் மேல் ஓடும் வேலையை. பத்திரிகை அச்சுக்கு உயிர்நாடி பேஜ்மேக்கர். 2001-இல் வந்த 7.0 அதன் கடைசிப் பதிப்பு. யூனிகோட் தமிழ் அதற்குத் தெரியாது. எனவே எழுத்தெல்லாம் பாமினி, வானவில், ஸ்ரீலிபி. பாமினியில் ‘அம்மா’ என்று சேமித்தால் கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள். எழுத்துரு இல்லாத இடத்தில் அது வெறும் கிறுக்கல். தமிழக அரசு 1999-இல் டாம், டாப் குறியீடுகளை ஏற்றது. 2010-இல் யூனிகோடுக்கும் டேஸ்16-க்கும் மாறியது. கடையின் ஃபைல்கள் மாறவில்லை. எழுத்துரு மென்பொருளின் டாங்கிள் பாரலல் போர்ட்டில் செருகியிருக்கும்; எடைமேடையின் இண்டிகேட்டர் சீரியல் போர்ட் வழியாகப் பேசும். இவையெல்லாம் ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பியில்; புதிய போர்டில் எக்ஸ்பிக்கு டிரைவர் கிடையாது. இத்தனை கயிறுகளும் ஒரு பலகையில் கட்டியிருக்க, அதைப் பழமைப்பற்று என்று கேலி செய்வது அநியாயம். நம் எழுத்தை முப்பது ஆண்டு பல குறியீடுகளில் சிதற விட்டதற்கான விலையை இந்தச் சிறுகடைகள் கட்டிக்கொண்டிருக்கின்றன.

மாற்று வழி இல்லை என்பதை மட்டும் ஏற்க முடியாது. பல புதிய போர்டுகளின் பின்பக்கத்தில் சீரியல் போர்ட் இல்லாவிட்டாலும் உள்ளே அதற்கான ஊசிகள் இருக்கின்றன. ஒரு சிறு கேபிள் போதும், எடைமேடை பேசும். அச்சுக் கடைக்கு இன்னும் நெருக்கமான வழி உண்டு. விஎம்வேர் போன்ற மென்பொருள் புதிய கணினிக்குள் ஒரு பழைய கணினியைப் பாவனையாக உருவாக்குகிறது. அது பாவனை செய்வது வேறெதையும் அல்ல, அதே 440பிஎக்ஸ் போர்டைத்தான். எக்ஸ்பியும் பேஜ்மேக்கரும் பாமினியும் அதற்குள் அப்படியே ஓடும். மொத்தத்தையும் ஒரே ஃபோல்டராக நகலெடுத்து வைக்கலாம். ஆர்வலர்கள் நேசித்தது பழகிய நடத்தையை என்றால், அந்த நடத்தையை நகலெடுக்க முடியும், உலோகத்தை முடியாது. பாரலல் டாங்கிள் உள்ள இடத்தில்தான் இது தடுமாறும். அங்கே பழைய போர்டும், அதே மாடலில் ஒரு உதிரி போர்டும் நியாயமான செலவு.

இரண்டு மறுப்புகள் வரும். பழையதை ஓட்டுவது மின்கழிவைக் குறைக்கிறதே என்பது ஒன்று. சரியான வாதம், ஒரு நாளைக்கு அரை யூனிட் கூடுதல் மின்சாரம் என்றாலும் நான் பழையதின் பக்கமே நிற்பேன். பாதுகாப்பு இற்றைப்படுத்தல் இல்லையே என்பது மற்றொன்று. எக்ஸ்பிக்கு அது 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றது. அதனால் நெட் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். எடைச்சீட்டுக்கும் பத்திரிகைக்கும் அது தேவையுமில்லை. பென்டிரைவ் வழியாக வைரஸ் வரும் என்பதால், வாடிக்கையாளர் தரும் பென்டிரைவை முதலில் வேறு கணினியில் போட்டுச் சோதிக்க வேண்டும்.

மிச்சமிருப்பது நகலெடுத்து, பழைய ஃபைல்களையும் மாற்றும் வேலை. அதற்கு ஆடி மாதம் தோது, முகூர்த்தம் இல்லை. அடிக்கடி கேட்கப்படும் பத்திரிகைகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றி, ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் உடைகிற இடங்களைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து என்றால் முப்பது நாளில் முந்நூறு. அதுவரை அந்த மஞ்சள் கேபினெட் ஓடட்டும். ஆவணி முகூர்த்தங்களுக்கும் ஓடட்டும், தூசி மட்டும் ஊதிவிட்டு.