குறியாக்கமும் மறையாக்கமும்: கலைச்சொல் மதிப்பீடு

கணினி மறையியல் சார்ந்த தமிழாக்கங்களில் 'என்கோடிங்', 'என்கிரிப்ஷன்' ஆகிய இரண்டிற்கும் 'குறியாக்கம்' என்னும் ஒரே சொல் பல இடங்களில் ஆளப்படுகிறது. ஒரு சொல் பல பொருள் குறித்தல் மொழிக்கு இயல்பே. எனினும் கலைச்சொல்லுக்கு அது குறையாகும். இங்கோ அக்குறை தீங்கும் பயக்கும்.

1998இல் தோன்றிய ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல் தொகுப்பு என்கோட், என்கிரிப்ட், டைஜெஸ்ட் என மூன்று வினைகளையும் தனித்தனிப் பெயர்களால் வழங்குகிறது. முதலாவதற்குச் சான்றான பேஸ்64 முறையில் 3 பைட்டுகள் 4 எழுத்துகளாக மாறும். திறவுகோல் ஏதுமின்றி எவரும் அவற்றை மீட்கலாம். 2001இல் அமெரிக்க அரசுத் தரமாக ஏற்கப்பட்ட ஏஇஎஸ் முறை இரண்டாவதன்பாற்படும். அதில் 128, 192 அல்லது 256 பிட் அளவுள்ள திறவுகோல் உடையவரே மூலத்தை மீட்க இயலும். இவ்விரண்டையும் 'குறியாக்கம்' என்றே பயிலும் நிரலர், பேஸ்64 வடிவில் சேமித்த கடவுச்சொல் காக்கப்பட்டுவிட்டதென நம்பக்கூடும். எனவே முன்னதற்குக் 'குறியாக்கம்' என்றும் பின்னதற்கு 'மறையாக்கம்' என்றும் வரையறுத்தல் தகும்.

டைஜெஸ்டைச் 'சுருக்கம்' எனப் பெயர்க்கத் தோன்றலாம். ஆயின் சுருங்கியது விரியும் என்னும் எண்ணத்தை அச்சொல் தருகிறது. கோப்புகளைச் சுருக்கி மீண்டும் விரிக்கும் வினைக்கும் அதுவே வழங்குகிறது. டைஜெஸ்டோ மீளாதது. அதற்குப் 'பிழிவு' என்பது பொருந்தும். பிழிந்த சாறு மீண்டும் கரும்பாவதில்லை.

இத்துறைக் கலைச்சொல்லாக்கத்தில் அகராதிப் பொருளைவிட, 'மீளுமா, யாரால் மீளும்' என்னும் வினாவே அளவுகோலாதல் வேண்டும்.