துதிப்பாட்டின் தரம்

மகிழ்ச்சி, ஜெபம், நன்றி ஆகிய மூன்றையும் பவுல் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் கடைசி அதிகாரம் அது; எழுதப்பட்ட காலம் கி.பி. 50ஐ ஒட்டியது. அதைக் கேட்ட சபையார் சுகமாக வாழ்ந்தவர்கள் அல்லர். புதிதாக விசுவாசத்துக்கு வந்து, சொந்த ஊராராலேயே துன்பப்பட்டவர்கள். தங்களில் சிலரை அடக்கம் செய்துவிட்டு, மரித்தவர்களின் கதி என்னவோ என்று கலங்கிக்கொண்டிருந்தவர்கள். நம் பாட்டு மரபை எடைபோட நான் கைக்கொள்ளும் அளவுகோலும் இதிலிருந்துதான் வருகிறது. துக்க வீட்டிலும் பாட முடிகிற நன்றிப் பாட்டே நல்ல நன்றிப் பாட்டு.

தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் முதல் பாட்டு மரபு ஞானப்பாட்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மன் லூத்தரன் சபைப் பாடல்களை மெட்டு மாறாமல் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பாடல்கள் எப்படிப்பட்ட மண்ணில் முளைத்தவை என்பதற்கு மார்ட்டின் ரிங்கார்ட் ஒருவர் போதும். முப்பதாண்டுப் போர்க்காலத்தில் சாக்சனி நாட்டின் ஐலன்பர்க் நகரில் போதகராக இருந்தவர். 1637ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடக்கம் செய்தார். அவர்களில் அவர் மனைவியும் ஒருவர். லூத்தரன் உலகம் இன்றும் பெரிய நாட்களில் எழுந்து நின்று பாடும் நன்றிப் பாட்டு அவருடையது. தமிழில் ஞானப்பாட்டை வளப்படுத்திய வேப்பேரி ஃபாப்ரிசியுஸும் பாடுபட்டவர்தான். வேதாகமத்தையும் ஏராளமான பாடல்களையும் மொழிபெயர்த்த அந்தப் பெரியவர் முதுமையில் கடனுக்காகச் சிறையில் கிடந்தார்.

பொருளில் ஞானப்பாட்டுக்குக் குறைவில்லை. குறை ஓசையில். ஜெர்மன் மெட்டு அழுத்தும் இடத்தில் தமிழ்க் குறில் வந்து விழும். சொல் நடுவில் அறுபடும். பழகிய காதுக்கு அது தெரியாது, புதிதாகக் கேட்பவருக்குப் பொருள் பிடிபடாது.

இந்தக் குறையைத் தீர்த்தது கீர்த்தனை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்சு ஐயரிடம் வளர்ந்தவர். இரண்டாம் சரபோஜி மன்னருடன் சேர்ந்து படித்தவர். கச்சேரியும் நாட்டியமும் செழித்த ஊரில் இருந்துகொண்டு பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கட்டமைப்பையும், குறவஞ்சி போன்ற நாடக வடிவங்களையும் அப்படியே திருச்சபைக்குள் கொண்டுவந்தார். 'பெத்லகேம் குறவஞ்சி' அப்படி வந்தது. பல்லவியில் துதி, அனுபல்லவியில் அதன் காரணம், சரணங்களில் பாடுகிறவனின் பாவம், பயம், மன்றாட்டு. ஒவ்வொரு சரணமும் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்பியாக வேண்டும். அதனால் அழுதுகொண்டே தொடங்கிய சரணமும் துதியில்தான் போய் முடிகிறது. மகிழ்ச்சியும் ஜெபமும் நன்றியும் ஒன்றோடொன்று பின்னிப்போக இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. பின்னாளில் இவருடைய பாட்டுகளோடு பிறர் பாடியவற்றையும் சேர்த்து அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர் 1853இல் அச்சிட்ட பிறகு, கீர்த்தனை கிராமத்துச் சபைகளின் சொத்தாயிற்று. நெல்லைப் பக்கம் சாவு வீட்டில் விடியும்வரை உட்கார்ந்து பாடுகிறவர்களில் பலருக்குப் புத்தகம் வேண்டாம். நாலாவது சரணமும் நாவிலேயே இருக்கும்.

ஏட்டுப் புலமையின் வழி வந்தவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) பெட்ஃபோர்டுச் சிறையில் பல ஆண்டுகள் கிடந்த ஜான் பன்யனின் நூலைத் தழுவியது. காப்பியத்தின் நடுவே அவர் வைத்திருக்கும் தேவாரப் பதிகங்களைத் தனியே எடுத்துப் பாடிப் பாருங்கள். விருத்தங்களைவிட அவற்றில்தான் மனுஷர் உருகுகிறார். கத்தோலிக்கர் பக்கம் வீரமாமுனிவரின் 'தேம்பாவணி'யும் அம்மானையும் கலம்பகமும் இருந்தன. ஆயினும் 1960கள் வரை திருப்பலி லத்தீனில் நடந்ததால், ஆலயத்துக்குள் மக்கள் சேர்ந்து பாடும் தமிழ்ப் பாட்டு இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் பெருகியது.

எழுப்புதல் கூட்டங்களும் பெந்தெகொஸ்தே சபைகளும் தந்த புதுப்பாடல்களைத் தாழ்த்திப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சாராள் நவரோஜி போன்றவர்கள் தாங்களே எழுதித் தாங்களே பாடினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் கைதட்டிப் பாட முடிந்தது. பெர்க்மான்ஸ் ஐயாவின் ஜெபத்தோட்டப் பாடல்கள் சபைப் பிரிவுகளைத் தாண்டிப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அண்மையில் வரும் சில நன்றிப் பாடல்கள் வேலை, வீடு, வெற்றி என்று வரவுகளை மட்டும் எண்ணுகின்றன. வரவு நின்ற மாதத்தில் அந்தப் பாட்டுக்காரன் என்ன பாடுவான்?

வரவையும் வறுமையையும் பார்க்காத நன்றிக்குச் சாட்சி நம் அடுக்களைகளில் உண்டு. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும். கைப்பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். படி நிறைந்திருக்கும் வீட்டிலும் பிடி எடுப்பார்கள்; அரைப்படிக்கே வழியில்லாத வீட்டிலும் எடுப்பார்கள். போடும்போது முணுமுணுக்கும் ஸ்தோத்திரம்தான் அந்த நாளின் முதல் ஜெபம். அறுப்பின் பண்டிகையில் முதல் குலை, முதல் பூசணி, கோழி, முட்டை எல்லாம் பீடத்தின் முன் குவிந்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் போகும். கூச்சலும் சிரிப்புமாக நடக்கிற அந்த ஏலமும் என் கணக்கில் ஆராதனையே.

பாடகர் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். கீர்த்தனைப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். ஆலயத் திரையில் பாட்டை ஏற்றும்போது அந்த வரி போய்விடுகிறது. நேரம் போதவில்லை என்று ஐந்து சரணங்களில் இரண்டு மட்டும் காட்டப்படுகின்றன. வெட்டுப்படுவது பெரும்பாலும் நடுச் சரணங்கள்; பாடுகிறவன் தன் துயரத்தைச் சொல்லிக் கெஞ்சும் இடமும் அதுதான். மாதம் ஒரு கீர்த்தனையையாவது எல்லாச் சரணங்களோடும், போட்ட ராகத்திலேயே பாடுங்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுங்கள்.