பேய்க்குரலின் மொழி: 'மணிச்சித்ரத்தாழ்' இசையும் அதன் பெயர்ப்புகளும்

1. முன்னுரை

அச்சமூட்டும் திரைப்படங்களின் இசையை மதிப்பிடுவோர் பெரும்பாலும் கருவியிசையையே கருதுகின்றனர். ஃபாசில் இயக்கத்தில் 1993 டிசம்பரில் வெளிவந்த 'மணிச்சித்ரத்தாழ்' என்னும் மலையாளப் படத்தை அவ்வாறு மதிப்பிட இயலாது. அதன் பாடல்களுக்கு எம்.ஜி. ராதாகிருஷ்ணனும் பின்னணிக்கு ஜான்சனும் இசையமைத்தனர். எனினும் அப்படத்தில் அச்சத்தைத் தோற்றுவிப்பது ஒரு மொழியின் வருகையே. அம்மொழி தமிழ்.

மாடம்பள்ளி என்னும் பழைய வீட்டில் குடியேறும் கங்கை, முன்னொரு காலத்தில் அங்குக் கொல்லப்பட்ட தஞ்சாவூர் நடனமாது நாகவல்லியாகத் தன்னை உணர்கிறாள். படம் இதனைப் பேயின் செயலாகக் கொள்ளாமல் உளநோயாக விளக்குகிறது. ஆகவே நாகவல்லி 'வந்துவிட்டாள்' என்பதை உணர்த்தும் பொறுப்பு பெரிதும் ஒலியின்மீது விழுகிறது. கங்கை பேசுவது மலையாளம். நாகவல்லி பேசுவது தமிழ். இரு பாத்திரங்களிலும் நடித்தவர் ஷோபனா. கங்கைக்குப் பாக்கியலட்சுமியும் நாகவல்லிக்குத் துர்காவும் பின்னணிக் குரல் கொடுத்தனர். ஓர் உடலுக்கு இரு மொழி மட்டுமன்றி இரு குரலும் அமைந்தன.

2. நான்கு சொற்களின் வரலாறு

'ஒரு முறை வந்து பார்த்தாயா' எனத் தொடங்கும் நடனப்பாடல் இங்கு முதன்மையானது. குந்தலவராளி இராகத்தில் அமைந்த இப்பாடலின் தமிழ்ப் பகுதியை எழுதியவர் வாலி. மலையாளப் பகுதியை எழுதியவர் பிச்சு திருமலை. பெண்குரல் தமிழில் அழைக்கிறது. ஆண்குரல் வடசொல் மிகுந்த மலையாளத்தில் விடையளிக்கிறது.

பாடலின் பெயரையே மலையாளியின் செவிகொண்டு கேட்டுப் பார்க்கலாம். 'ஒரு' இரு மொழிக்கும் பொது. 'முறை' என்பதன் இறுதி ஐகாரம் மலையாளத்தில் அகரமாகி 'முற' என நிற்கும். 'வந்து' என்பதிலுள்ள மெய்ம்மயக்கம் அங்கு மூக்கொலியாக ஓரினமாகி 'வந்நு' என்றாகும். 'பார்த்தாயா' என்னும் நான்காம் சொல்லே மிக நோக்கத்தக்கது. அதிலுள்ள 'ஆய்' என்னும் முன்னிலை ஒருமை விகுதி இன்றைய மலையாள வினையில் இல்லை. திணை, பால், எண், இடம் காட்டும் விகுதிகளை மலையாளப் பேச்சு கைவிட்டுவிட்டது. பழைய மலையாளச் செய்யுளில் மட்டும் அவை காணப்படுகின்றன.

இன்றைய தமிழ் மலையாளத்தின் தாய் எனக் கூறுவது மொழியியலுக்கு ஒவ்வாது. இரண்டும் ஒரு பழைய நிலையிலிருந்து பிரிந்தவை. ஆயினும் தன் மொழி இழந்த விகுதியைப் பிறமொழியில் கேட்பவனுக்கு அது பழமையின் ஒலியாகவே படும். ஆகவே மலையாளப் படத்தில் தமிழ், தஞ்சாவூர் என்னும் இடத்தைக் காட்டுவதோடு இறந்த காலத்தையும் காட்டுகிறது. பாதி புரிந்தும் பாதி புரியாமலும் ஒலிப்பதே அதன் அச்சம். ஆகிரி இராகத்தில் அமைந்த மற்றொரு பாடல் 'பழந்தமிழ்ப் பாட்டிழையும்' எனத் தொடங்குவதும் இதனோடு இணைத்து எண்ணத்தக்கது.

3. மூன்று பெயர்ப்புகள்

இப்படம் பிறமொழிகளில் மறுபடியும் எடுக்கப்பட்டபோது எழுந்த சிக்கல் மொழிபெயர்ப்பாளர்க்கு நன்கு அறிமுகமானது: தருமொழிப் பனுவலுக்குள்ளேயே ஒரு பிறமொழி இருப்பின், பெறுமொழியில் அதற்கு ஈடாவது எது? கன்னட 'ஆப்தமித்ரா' (2004), தமிழ்ச் 'சந்திரமுகி' (2005) ஆகிய இரண்டையும் இயக்கிய பி. வாசு தெலுங்கைத் தேர்ந்தார். பிரியதர்சனின் இந்திப் படமான 'பூல் புலையா' (2007) வங்காளத்தைத் தேர்ந்தது. சொல்லைப் பெயர்ப்பதைவிட மொழிகளுக்கிடையேயான உறவைப் பெயர்க்க வேண்டும் என்பதை இவர்கள் உணர்ந்திருந்தனர் எனலாம்.

ஆனால் உறவு முழுமையாகப் பெயர்ந்ததா? வித்தியாசாகர் இசையமைத்த 'சந்திரமுகி'யில் புவனசந்திரா எழுதிய 'ரா ரா' பாடல் தெலுங்கிலேயே நடைபெறுகிறது. இருமொழி உரையாடல் மறைந்து ஒருமொழிப் பாடலாகிறது. 'பூல் புலையா'வின் பாடலோ பெரும்பகுதி இந்தி. வங்காளம் அதில் பல்லவி அளவில் சுருங்குகிறது. தமிழ்ச் செவிக்குத் தெலுங்கு உடன்பிறந்த மொழி. தன் இழந்த வடிவமன்று. ஆகவே காலத்தின் அச்சம் இடத்தின் அச்சமாகத் திரிகிறது.

எனினும் தமிழ்ப் படத்தின் தேர்வுக்கு வேறொரு நியாயம் உண்டு. தஞ்சையின் நாயக்கர், மராத்தியர் அவைகளில் தெலுங்கு போற்றப்பட்டது. சதிராட்டத்தில் தெலுங்குப் பதங்களும் வர்ணங்களும் பெருவழக்காயிருந்தன. உண்மையான தஞ்சாவூர் நடனமாதின் பாட்டில் தெலுங்கு மிகுதியாகவே ஒலித்திருக்கும். மூலப்படத்தின் தமிழ் நாகவல்லி மலையாளக் கற்பனையின் படைப்பு. 'சந்திரமுகி'யின் தெலுங்கு, அறிந்தோ அறியாமலோ, நடன வரலாற்றுக்கு நெருங்கி நிற்கிறது.

4. மட்டாஞ்சேரியில் கேட்கும் தமிழ்

இக்கட்டுரை மட்டாஞ்சேரியிலிருந்து எழுதப்படுகிறது. படத்தின் பல காட்சிகள் எடுக்கப்பட்ட திருப்பூணித்துறை ஹில் பேலஸ் இவ்வூருக்குத் தொலைவிலில்லை. மற்றொரு களமான பத்மநாபபுரம் அரண்மனை 1956 முதல் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது. எல்லைகள் இவ்வாறு கலந்த நிலத்தில்தான் படம் தமிழைப் பூட்டிய அறைக்குள் வைக்கிறது.

மட்டாஞ்சேரித் தெருக்களில் மலையாளத்துடன் கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் தமிழும் நாள்தோறும் ஒலிக்கின்றன. அடுத்துள்ள ஃபோர்ட் கொச்சி டோபி கானாவில் துணி வெளுப்போர் வழிவழியாகத் தமிழ் பேசும் வண்ணார் குடும்பத்தினர். அவர்கள் மலையாளத்துக்கும் தமிழுக்கும் இடையே ஒரே வாக்கியத்தில் மாறிமாறிப் பேசுவர். அம்மாற்றத்தைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. திரையிலோ அதே குறிமாற்றம் நோயின் அறிகுறி. கங்கை குணமடைவது நாகவல்லியின் தமிழ் அவளைவிட்டு நீங்கும்போதுதான். நலம் என்பது ஒருமொழி நிலையாகிறது.

5. முடிவுரை

இசையின் சிறப்பை இது குறைப்பதில்லை. விகுதி ஒன்றினால் ஒரு காலத்தையே எழுப்பிக் காட்டும் பாடல்கள் அரியவை. ஆயின் அச்சத்துக்காகப் பழமையாக்கப்படும் மொழி, பக்கத்து வீட்டில் உயிருடன் வழங்குவதும் ஆகும். இப்படத்தை இனி எம்மொழியில் பெயர்ப்பவரும் 'பிறமொழி எது' எனக் கேட்பதோடு நில்லாமல், 'அம்மொழியை இங்கு யார் பேசுகின்றனர்' என்றும் கேட்பது நன்று.