அரண் வகுத்த முறைகள்: செங்கோட்டை, திருச்சி, திருவரங்கம்

திருச்சியில் கோட்டை எங்கே என்று கேட்டால் எல்லோரும் உச்சிப்பிள்ளையார் மலையைக் காட்டுவார்கள். ஆனால் ஊரைக் காத்த பெருமதில்கள் மலையடியில், தரையில் ஓடியவை. அவை மறைந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. மதில் போனாலும் கோட்டையின் அமைப்பு இன்னும் தெருக்களில் படித்தறியக் கூடியதாக இருக்கிறது. கோட்டைக் கலையின் தரத்தை அறிய மதிலின் உயரம் மட்டும் போதாது. வாசலில் நுழைந்தவரைக் கோட்டை நடுவிடத்துக்கு எப்படி அழைத்துச் செல்கிறது, உள்ளே வாழ்பவரை எப்படித் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

நம் மரபு இந்த இரண்டாவது கேள்வியை முன்பே கேட்டிருக்கிறது. திருக்குறளின் அரண் அதிகாரம் உயரம், அகலம், திண்மை, நெருங்குதற்கு அருமை என்று மதிலுக்கு இலக்கணம் சொல்வதோடு நிற்கவில்லை. உள்ளே உணவு வேண்டும், அகத்தாருக்கு நிலைத்து நிற்க எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. மதில் வளைப்பவனுக்கு உழிஞை, காப்பவனுக்கு நொச்சி என்று இரு தரப்புக்கும் தனித்தனித் திணை வகுத்த இலக்கணம் நம்முடையது.

தமிழகத்துக் கோட்டைகளில் பல வகை உண்டு. செஞ்சி மலையரண். மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த அந்த அமைப்பின் முன், ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கானின் படை 1690 முதல் 1698 வரை காத்துக் கிடந்தது. வேலூரின் பலம் அகழி. தரங்கம்பாடியில் 1620இல் டேனியர் எழுப்பியது கடலைப் பார்த்த வணிகக் கோட்டை.

முகலாயர் முறை வேறு. ஆக்ராவில் 1565இல் அக்பர் தொடங்கிய கோட்டை யமுனைக் கரையில் அரைவட்டமாக அமைந்தது. வாசல்வழியை வளைத்துத் திருப்பி, பாய்ந்து வரும் யானையின் வேகத்தைக் கெடுத்தார்கள். ஷாஜகான் தில்லியில் எழுப்பி 1648இல் முடித்த செங்கோட்டையில் அரசாட்சியே ஒரு நேர்கோடாகிவிட்டது. லாகூர் வாசல், கூரையிட்ட கடைவீதி, நகரா மண்டபம், பொதுமக்கள் சபை என்று ஒன்றன்பின் ஒன்று. அதற்கப்பால் ஆற்றோரம் அரசரின் தனிச்சபை. நகரா மண்டபத்தில் பிரபுக்களும் வாகனம் விட்டு இறங்கி நடக்க வேண்டும். பின்னாளில் ஔரங்கசீப் லாகூர் வாசலுக்கு முன் ஒரு புறவாசல் அரணைக் கட்டினார்; கடைத்தெருவுக்கும் அரியணைக்கும் இடையிலிருந்த நேர்ப்பார்வை அத்தோடு மறைந்தது. பாதுகாப்பு கூடியது, அமைப்பின் அழகு குறைந்தது. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்வதுதான் கோட்டைக் கலையில் மிகக் கடினம் என்பது என் எண்ணம்.

திருச்சி நாயக்கர் கோட்டை அழகைவிடக் காப்பையே நாடியது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதிவைத்த அளவுகள் இவை: அகழி 30 அடி அகலம், 12 அடி ஆழம், வெளிமதில் 18 அடி உயரம், 25 அடி இடைவெளி விட்டு, 30 அடி உயர உள்மதில். இந்த இரட்டை மதிலின் பொருள் 1753 நவம்பரில் ஓர் இரவு விளங்கியது. பிரெஞ்சுப் படை டால்டன் பேட்டரி என்ற பீரங்கி மேடை இருந்த இடத்தில் ஏணி வைத்து வெளிமதிலைப் பிடித்தது. பிடித்த பீரங்கிகளால் நகரை நோக்கிச் சுட்டதும் ஆங்கிலேயக் காவலர் விழித்துக்கொண்டனர், உள்மதில் விட்டுக்கொடுக்கவில்லை. இடையில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் கைதாயினர்.

காவிரிக்கு அக்கரையில் திருவரங்கம். கோட்டைக்குரிய ஏழு சுற்றும் அதற்கு உண்டு. நடுவில் அரியணைக்குப் பதில் அரங்கன். தர்மவர்மா, ராஜமகேந்திரன், குலசேகரன், ஆலிநாடன், அகளங்கன், திருவிக்கிரமன், கலியுகராமன் என்று சுற்றுகளின் பெயர்களே ஒரு வரலாறு. 156 ஏக்கர், 21 கோபுரங்கள். வெளியே 236 அடி ராஜகோபுரம், 1987இல்தான் நிறைவு பெற்றது. உள்ளே போகப்போகக் கோபுரங்கள் சிறுத்து, பொன் விமானம் எல்லாவற்றிலும் சிறிதாக நிற்கிறது. உத்தர வீதியில் தைத்தேர், சித்திரை வீதியில் சித்திரைத்தேர் ஓட வேண்டும். அந்த வீதிகளுக்குத் தேர்தான் அளவு. தில்லியில் நடுவிடம் நெருங்க நெருங்கக் கூட்டம் வடிகட்டப்படும். இங்கோ மதிலுக்குள் வீடுகளும் மடங்களும் கடைகளும் நெருங்கியிருக்க, உற்சவ நாளில் பெருமாளே வீதிக்கு வருகிறார். இந்த ஒரு வேற்றுமைக்காகவே திருவரங்கத்தின் அமைப்பை நான் உயர்வாக மதிக்கிறேன்.

ஆனால் போர் அதைக் கோட்டையாகப் பயன்படுத்தியபோது அது உதவவில்லை. 1752இல் ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுத் தளபதி லாவும் திருவரங்கத் தீவுக்குள் ஒதுங்கினர். ஆங்கிலேயத் தளபதிகளில் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் கிளைவ், தெற்கே லாரன்ஸ் நின்றதால் உணவுவழி அடைபட்டது. ஜூன் மாதம் லா சரணடைந்தார், சந்தா சாகிப் கொல்லப்பட்டார். ஏழு மதில் இருந்தும் குறள் சொன்ன உணவு இல்லை.

திருச்சியின் மதில்கள் 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அந்தத் தடத்தில்தான் மேலப்புலிவார்டு ரோடும் கீழப்புலிவார்டு ரோடும் ஓடுகின்றன. மெயின் கார்டு கேட் மட்டும் மேற்கே நிற்கிறது. ராணி மங்கம்மாள் தர்பார் மண்டபம் அருங்காட்சியகமாக இருக்கிறது. தெப்பக்குளத்துக்கு வரும் மாணவர்களுக்கு இவை தனித்தனிக் கட்டடங்களாகத்தான் தெரியும். மதில், அகழி, வாசல், அரண்மனை, குளம் எல்லாம் சேர்ந்த நிலப்படம் ஒன்றைக் கல்லில் வெட்டி மெயின் கார்டு கேட்டருகே நிறுத்த வேண்டும். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஏழு சுற்றையும் அதே கல்லில், அதே அளவுகோலில் வரைய வேண்டும்.