ஆர்.ஐ.பி.: ஒரு வேண்டுதலும் அதன் தேய்வும்

திருப்பூரில் அவினாசி சாலையிலும் தாராபுரம் சாலையிலும் மின்கம்பங்களையும் கடைச் சுவர்களையும் கவனித்துச் செல்வோர், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் கிழமைதோறும் மாறிவருவதைக் காண்பர். இறந்தவரின் படம், தோற்றம், மறைவு, கீழே பனியன் கம்பெனி நண்பர்களின் பெயர்கள். படத்திற்கு மேல் பெரிய எழுத்துகளில் ‘ஆர்.ஐ.பி.’ இந்து நண்பருக்கும் இதுவே. இசுலாமிய நண்பருக்கும் சில வேளைகளில் இதுவே. நம் சபைகளைச் சார்ந்தோர் இறந்தால் இவ்வெழுத்துகளோடு ஒரு சிலுவையும் சேர்கிறது. கைப்பேசியிலோ இன்னும் எளிது: இறப்புச் செய்தி வந்த அரை நிமிடத்தில் மூன்றெழுத்தைத் தட்டிவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றுவிடலாம். கிரிக்கெட்டில் தோற்ற அணிக்கும் இளைஞர்கள் இதனையே ‘ரிப்’ என்று வேடிக்கையாக வழங்குகின்றனர்.

இவ்வழக்கைப் பற்றி நம் போதகரிடையே இரு வகைக் கருத்துகள் நிலவுகின்றன. இது ரோமானியத் திருச்சபையின் மரித்தோர்க்கான மன்றாட்டு. ஆகவே சீர்திருத்தச் சபையார் இதனை அறவே விலக்கவேண்டும் என்பது ஒன்று. இது வெறும் மரியாதைச் சொல். இதில் இறையியல் தேடுவது வீண் வேலை என்பது மற்றொன்று. முதற்கருத்து நம்மவரிடம் மட்டும் காணப்படுவதன்று. 2017-ஆம் ஆண்டில் வட அயர்லாந்தில் ஆரஞ்சு சங்கத்தார், சீர்திருத்தச் சபையார் இம்மூன்றெழுத்தை எழுதலாகாது எனக் கேட்டுக்கொண்டதும், அது செய்தித்தாள்களில் விவாதமானதும் அறியத்தக்கன. இவ்விரு கருத்துகளுமே சொல்லைச் சரியாகப் படியாமையால் எழுந்தவை என்பது நம் துணிபு.

சொல்லை முதலில் படிப்போம். இலத்தீனில் ‘ரெக்வியெஸ்காத் இன் பாச்சே’ என்பதன் முதலெழுத்துகளே இவை. ‘ரெக்வியெஸ்காத்’ என்பது படர்க்கை ஒருமை. விருப்பத்தை உணர்த்தும் வினை வடிவம். பலருக்காகச் சொல்லும்போது ‘ரெக்வியெஸ்காந்த்’ என வரும். நம் இலக்கணத்தில் இதற்கு நேரான வடிவம் ஆயத்தமாகவே உள்ளது: நன்னூலார் க, இய, இயர் என ஈறுகள் வகுத்துச் சொல்லும் வியங்கோள் வினைமுற்று. ‘சமாதானத்தில் இளைப்பாறுவாராக’ எனில் இலத்தீனின் ஒரு துளியும் சிந்தாமல் தமிழில் வந்துவிடுகிறது. ஆங்கிலத்திற்கு இந்த வசதி குறைவு. ஆங்கிலத்தார் அதே முதலெழுத்துகளுக்குப் பொருந்தத் தம் மொழியில் விரித்துக்கொண்டபோது, கேட்போர் காதில் அது இறந்தவரை நோக்கிய ஏவலாகவே விழலாயிற்று: ‘இளைப்பாறு.’ இலத்தீனில் இறந்தவர் படர்க்கை. முன்னிலையில் நிற்பவர், பெயர் சொல்லப்படாவிடினும், கடவுளே. ஆங்கிலத்தில் கடவுள் மறைந்து, இறந்தவர் முன்னிலைக்கு வந்துவிட்டார். நம் சுவரொட்டிகள் மேற்கொண்டிருப்பது இந்த இரண்டாவது வடிவத்தையே. மன்றாட்டு என்று அஞ்சி இதனை விலக்குவோர், இன்று இது மன்றாட்டாகவே இல்லை என்பதை நோக்கவில்லை.

வரலாறும் இங்கு நோக்கற்பாலது. ரோம நகரின் நிலவறைக் கல்லறைகளில் முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்கள் பொறித்துவைத்தது பெரும்பாலும் ‘இன் பாச்சே’, அதாவது ‘சமாதானத்தில்’, என்னும் இரு சொற்களே. சில இடங்களில் ‘உறங்குகிறார்’ என்னும் வினையும் சேரும். இதற்கு முன்னோடியாக யூதர் கல்லறைகளிலும் சமாதானம் குறித்த சொற்கள் காணப்படுகின்றன. நேர்மையாளர் சமாதானத்துள் புகுந்து தம் படுக்கையில் ஓய்வர் என்னும் ஏசாயா 57:2-இன் கருத்து அவர்கள் நெஞ்சில் இருந்தது. சங்கீதம் 4:8-இல் இரவில் அச்சமின்றிப் படுத்துறங்குபவரின் மொழியும் இதனோடு உறவுடையதே. அடக்கம் செய்யும் இடத்திற்கு அவர்கள் வழங்கிய கிரேக்கப் பெயரே உறங்குமிடம் எனப் பொருள்படும். வினையில்லாத அவ்விரு சொற்கள் அறிக்கையா, வேண்டுதலா? இரண்டுமே என்று கொள்வது தவறாகாது. திருச்சபையின் சமாதானத்தில் இறந்தார் என்னும் சாட்சியும், கடவுளின் சமாதானத்தில் இருப்பாராக என்னும் விருப்பும் அங்கே ஒரே மூச்சில் கலந்து நிற்கின்றன.

இறந்தோர்க்காக வேண்டுதல் என்பதும் உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய போதனையும் ஒன்றே என எண்ணுவது நம் வகுப்புகளில் அடிக்கடி நேரும் குழப்பம். கைம்பெண் தன் கணவனுக்காக வேண்டுவதை மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெர்த்துல்லியன் இயல்பான வழக்கமாகக் குறிப்பிடுகிறார். 387-இல் ஒஸ்தியாவில் இறந்த மோனிக்கா, தம் உடலைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆண்டவருடைய பீடத்தருகில் தம்மை நினைத்தால் போதும் எனத் தம் மைந்தரிடம் கேட்டுக்கொண்டதை அகுஸ்தீன் எழுதிவைத்துள்ளார். உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய போதனை மேற்குத் திருச்சபையில் சங்கங்களின் வரையறையாக உருப்பெற்றது 1274-இல் லியோனிலும், 1439-இல் புளோரன்சிலும், இறுதியாக 1563-இல் திரெந்திலும் ஆகும். கீழைத் திருச்சபைகள் அப்போதனையை ஏற்காமலே இன்றும் இறந்தோர்க்காக மன்றாடுகின்றன.

சீர்திருத்தத் தந்தையர் எதிர்த்தது எதனை? பலன்களைக் கணக்கிட்டு விற்ற பூசைகளை. அச்சத்தைக் காசாக்கிய அமைப்பை. லுத்தர் 1528-இல் எழுதிய தம் அறிக்கையில், ஒருவர் தனிமையில் ஒன்றிரண்டு முறை இறந்தவரைக் கடவுளிடம் ஒப்படைத்து வேண்டுவதைப் பாவமென்று கருதவில்லை. 1531-இல் மெலங்க்தோன் எழுதிய அவுக்ஸ்பர்க் அறிக்கையின் மறுமொழியும் இறந்தோர்க்கான மன்றாட்டைத் தடுப்பதில்லை எனத் தெளிவாகவே கூறுகிறது. ஆங்கிலத் திருச்சபையின் 1549-ஆம் ஆண்டு வழிபாட்டு நூலில் இருந்த மன்றாட்டுகள் 1552-இல் நீக்கப்பட்டன. வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையோ இறந்தோர்க்காக வேண்டலாகாது என வெளிப்படையாகவே தடை விதித்தது. நம் நாட்டில் 1836-இல் ஆபிரகாம் மல்பான் சிரியன் வழிபாட்டு முறையைத் திருத்தியபோது இம்மன்றாட்டுகளை அகற்றினார். மார்த்தோமா சபை அவ்வழியிலேயே நிற்கிறது. ஆகவே சீர்திருத்தச் சபைகளின் ஒரே நிலைப்பாடு என ஒன்று இல்லை. லுத்தரன் மரபு ஒரு கதவைத் திறந்தே வைத்தது. சீர்திருத்த மரபின் கண்டிப்பான பிரிவு அதனைத் தாழிட்டது.

கோயம்புத்தூர் வட்டாரத்தில் தென்னிந்தியத் திருச்சபை எந்த மரபின் பிள்ளை என்பதையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். 1830-இல் ஆடிஸ் ஐயர் தொடங்கிய லண்டன் மிஷன் பணியின் சபைகளே 1947-இல் ஐக்கியத்துக்குள் வந்தன. காங்கிரிகேஷனல் மரபினரான அவர்களுக்குக் கல்லறையருகே சொல்லப்படும் எந்தச் சூத்திரமும் ஐயத்திற்குரியதே. பின்னர் பஞ்சாலை வேலைக்கும் பனியன் வேலைக்கும் திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய விசுவாசிகள் ஆங்கிலிக்கன் வழக்கங்களையும், கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றும் பழக்கத்தையும் உடன் கொணர்ந்தனர். திருப்பூர்ச் சபைகளில் இதுபற்றி எழும் சச்சரவு, உண்மையில், இரு மிஷன்களின் பேரப்பிள்ளைகளுக்கு இடையிலான சச்சரவே.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அடக்கச் சடங்குகள் கிறிஸ்துவின் பாஸ்காவைத் தெளிவாகக் காட்டவேண்டும் எனப் பணித்தது. மக்கள் மொழிக்கும் வழி திறந்தது. அதன்பின் நம் கத்தோலிக்க அன்பர்கள் கல்லறையருகே தமிழிலேயே நித்திய இளைப்பாற்றியை வேண்டுகின்றனர். பீடத்தை விட்டு இறங்கிய இலத்தீன், பிளெக்ஸ் அச்சகத்தில் குடியேறிவிட்டது.

மூன்றெழுத்தை விலக்கச் சொல்வோர் அதற்கு மாற்றாகத் தருவன எவை? ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’, ‘மகிமைக்குள் பிரவேசித்தார்’, ‘கர்த்தர் அழைத்துக்கொண்டார்’ என்பனவே. முதலாவது வேதமொழியில் வேரூன்றியது, அதில் குறையில்லை. இரண்டாவதோ தீர்ப்பு நாளின் முடிவை நாமே சுவரொட்டியில் வெளியிடுவது போன்றது. மூன்றாவதைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் வழியில் லாரி மோதி இறந்த இருபது வயதுப் பெண்ணையும், சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டியில் பாதுகாப்பின்றி இறக்கிவிடப்பட்டு நச்சுவாயுவால் மாண்டவரையும் கர்த்தர் அழைத்துக்கொண்டார் என நாம் எழுதும்போது, யாரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறோம்? யார்மேல் சுமத்துகிறோம்? பெற்றோர் அச்சொல்லை நம்பினால் கடவுளைக் கொலையாளியாகக் காண்பர். நம்பாவிடில் போதகரைப் பொய்யராகக் காண்பர். இதனோடு ஒப்பிட, ‘இளைப்பாறுவாராக’ என்பது எத்துணை அடக்கமான சொல்! இறப்பின் காரணத்தை அது கூறவில்லை. இறந்தவரின் தகுதியையும் அளக்கவில்லை. அறியாததை அறிந்ததாகப் பாராட்டாமல், அவரைக் கடவுளின் இரக்கத்தில் விட்டு நிற்கிறது. தற்கொலையால் இறந்தவரின் வீட்டில் ஊழியம் செய்தோர் இதன் அருமையை அறிவர். அங்கே அறிக்கை வாக்கியம் எதுவும் வாயில் வராது; வியங்கோள் மட்டுமே வரும்.

தமிழில் பெருவழக்காகிவிட்ட ‘ஆத்மா சாந்தியடைக’ என்பதை இதன் மொழிபெயர்ப்பாகக் கொள்வதையும் நாம் ஏற்பதற்கில்லை. இலத்தீன் மூன்று சொற்களில் ஆத்துமா இல்லை. முழு வேண்டுதலில் ஆத்துமாக்கள் குறிக்கப்படினும், அங்கே கடவுளின் இரக்கத்தால் என்னும் தொடரும் உடன் நிற்கிறது. இளைப்பாறுபவர் முழு மனிதர். பெயரும் முகமும் உழைத்துத் தேய்ந்த விரல்களும் உடையவர். உடலின் உயிர்த்தெழுதலுக்காகக் காத்திருப்பவர். ‘ஆத்மா சாந்தி’ என்பதிலோ அலையும் ஆவி அடங்கட்டும் என்னும் அச்சம் நிழலாடுகிறது. இருப்பவர் நலத்திற்காக இறந்தவரை அமைதிப்படுத்தும் சடங்கின் மொழி அது. இந்து அன்பர்கள் அதனை அன்போடு எழுதும்போது நாம் அன்போடு பெற்றுக்கொள்ளல் வேண்டும். நம் கல்லறைக் கல்லில் நாமே அதனைப் பொறிப்பது வேறு.

திருப்பூரில் இளைப்பாறுதல் என்னும் சொல்லுக்கு உள்ள எடையையும் கருதாமல் இத்திறனாய்வு நிறைவுறாது. இங்கே ‘ஓவர்லாக்’ இயந்திரத்தின் முன் அமர்பவரும், நின்றபடியே செக்கிங் செய்பவரும், கைமடிப் பெண்களும் ஏற்றுமதிச் சரக்கு புறப்படும் நாள் நெருங்கினால் பகலையும் இரவையும் சேர்த்துத் தைக்கின்றனர். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை என்பது ஊர் வழக்கமாயினும், அவசர நாள்களில் ஞாயிறும் கரைந்துவிடும். எபிரெயர் நான்காம் அதிகாரம் கடவுளின் மக்களுக்கு மீந்திருக்கும் இளைப்பாறுதலைப் பேசும்போது, அது படைப்பின் ஏழாம் நாளோடு தொடங்குகிறது, கல்லறையோடு அன்று. வெளிப்படுத்தல் 14:13-இலும் பாடுபட்ட உழைப்பாளிகளே ஓய்வு பெறுகின்றனர். உயிரோடிருந்தபோது ஒரு ஞாயிறும் கிட்டாதவருக்கு அடக்க நாளில் இளைப்பாறுதலை வாழ்த்துவது, அவ்வாழ்த்து எவ்வளவு பழமையுடையதாயினும், கேட்போர் காதில் கசக்கத்தான் செய்யும். ‘வேலைக்கு இனி லீவுதான்’ எனச் சவப்பெட்டியருகே சக தொழிலாளர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது ஏளனமன்று, ஒருவகையில் அதுவும் ஒரு ‘ரெக்வியெஸ்காத்’.

இனி, நடைமுறை. துக்க வீட்டில் கட்டப்பட்டுவிட்ட பிளெக்ஸிலுள்ள மூன்றெழுத்தை மறைக்கச் சொல்லும் போதகர், சரியான உபதேசத்தைத் தவறான வேளையில் சொல்பவராவார். நண்பர்கள் தங்கள் கூலியிலிருந்து வசூலித்துக் கட்டிய பதாகை அது. கற்பிக்கும் இடம் திடப்படுத்தல் வகுப்பும், கல்லறைத் திருநாள் அருளுரையும், சபை அறிவிப்புத் தாளுமே. அச்சுக்குக் கொடுக்குமுன் சொற்களை ஆயரிடம் காட்டும் வழக்கம் உள்ள சபைகளில், ‘சமாதானத்தில் இளைப்பாறுவாராக’ என முழுத் தமிழில் எழுதித் தரலாம்; ஆங்கில எழுத்துகள் தாமே விழுந்துவிடும். லண்டன் மிஷன் மரபில் வளர்ந்த மூப்பர்கள் இதனையும் மன்றாட்டு என மறுப்பின், அவர்கள் மனச்சாட்சியை நெருக்காமல் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்பதையே கொள்ளலாம். ஒநேசிப்போருவுக்காகப் பவுல் 2 தீமோத்தேயு 1:18-இல் இரக்கம் வேண்டியபோது அவர் உயிருடன் இருந்தாரா என்பதில் உரையாசிரியர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. நம் மூப்பர்களை மட்டும் ஒரே கூட்டத்தில் ஒருமனப்படுத்த இயலாது.

இன்றைய திருப்பூருக்கு உரிய வேறொரு தேவையும் உண்டு. ஒடிசா, ஜார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து இங்கே இறக்கும் தொழிலாளருள் கிறிஸ்தவரும் உளர். அவர்களின் உடல் பல வேளைகளில் இங்கே அடக்கம் செய்யப்படுவதில்லை. மருத்துவமனைப் பிணவறையிலிருந்து நேரே ஆம்புலன்சிலோ விமானத்திலோ சொந்த ஊருக்குச் செல்கிறது. நம் அடக்க ஆராதனை ஒழுங்கோ கல்லறை அருகிலிருக்கும் என்னும் எண்ணத்தில் அமைந்தது. பிணவறை வாயிலில், அறைத்தோழர் நால்வர் நிற்க, ஓட்டுநர் அவசரப்படுத்த, மூன்று நிமிடங்களுக்குள் சொல்லி முடிக்கத்தக்க ஒரு சிறு வழியனுப்பு ஒழுங்கு நமக்கு வேண்டும். அதில் நீண்ட பிரசங்கத்திற்கு இடமில்லை. இறந்தவரின் பெயரும், ஒரு வேதவாக்கியமும், ஒரு வியங்கோளும் போதும். அதனைத் தமிழில் மட்டுமன்றி இந்தியிலும் ஒடியாவிலும் எழுதித் தர இறையியல் மாணவர் எவரேனும் முன்வரின், சபை ஆயர்கள் இந்த ஆண்டிலேயே அதனைப் பயன்படுத்துவர்.